உளுந்தில் சாம்பல் நோய்: வேப்பங்கொட்டையா, எண்ணெயா, தைல இலையா, பூண்டா?

மாசி பிறந்தால் போதும், டெல்டாப் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி வர ஆரம்பித்துவிடும். நெல் அறுத்த தரிசில் வளர்கிற உளுந்து பூ எடுக்கிற நேரம், அடி இலையில் மாவு தூவினாற்போல் வெள்ளை தெரிகிறது, மருந்துக்கடைக்குப் போகாமல் செடி கொடி வைத்தே சமாளிக்க முடியுமா, முடியுமென்றால் எதை அடிப்பது? ஒருவர் வேப்பங்கொட்டை என்கிறார், இன்னொருவர் எண்ணெய் என்கிறார், மூன்றாமவர் இஞ்சி பூண்டு கரைசல் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை அனுப்புகிறார். எல்லாமே ஓரளவுக்குச் சரிதான், அதுதான் சிக்கலே. எல்லாம் வேலை செய்யும் என்று கேட்டுக்கொண்டே இருந்தால் எதையும் நேரத்துக்கு அடிக்க மாட்டோம், இந்த நோயில் நேரம் தவறினால் எந்த இலைச்சாறும் உதவாது.

அதனால் நான்கு செடிவழிச் சாறுகளையும் (வேப்பங்கொட்டை, வேப்பெண்ணெய், தைலமரம் என்கிற யூகலிப்டஸ் இலை, பூண்டு), ஒப்பிட்டுப் பார்க்க நனையும் கந்தகத்தையும், அதாவது தண்ணீரில் கலந்து அடிக்கிற கந்தகத் தூளையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுகிறேன். கந்தகம் செடியிலிருந்து வருவதல்ல, தெரியும். ஆனால் பந்தயத்தில் அதையும் ஓடவிடாமல் வேம்பு ஜெயித்தது என்று சொன்னால் அது ஏமாற்று வேலை.

## முதலில் எதிரி யார்

சாம்பல் நோயைக் கொண்டுவரும் பூஞ்சைக்கு ஒரு வினோதக் குணம் உண்டு. பெரும்பாலான பூஞ்சைகள் முளைக்க இலைமேல் தண்ணீர் நிற்க வேண்டும். இதற்கு வேண்டாம், காற்றில் ஈரப்பதம் இருந்தாலே போதும். பகலில் வெயில், இரவில் குளிர், விடியலில் பனி என்கிற தை மாசி வானிலை அதற்குப் பந்தி விரித்த மாதிரி. இன்னொரு குணம் நமக்குச் சாதகமானது: இது இலைக்கு உள்ளே புகுந்து ஒளிந்துகொள்வதில்லை. மேல்தோலில் உறிஞ்சிகளை மட்டும் இறக்கிவிட்டு, உடம்பு முழுவதையும் இலைக்கு மேலேயே பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள், மாவு விரலில் ஒட்டும், அடியில் இலை இன்னும் பச்சையாகவே இருக்கும்.

இலைச்சாறுகள் இந்த நோயில் கொஞ்சமாவது பெயர் வாங்கியதற்குக் காரணம் இதுதான். நாம் அடிக்கிற சாறு எதுவும் செடிக்குள் ஊடுருவிப் போய் மருத்துவம் செய்யாது, பட்ட இடத்தில்தான் வேலை. நோயும் மேலே, சாறும் மேலே. இதே வேப்பங்கொட்டைச் சாற்றை வேர் அழுகலுக்கு இலையில் அடித்தால் ஒரு பலனும் இருக்காது. அந்தப் பூஞ்சை மண்ணில் இருக்கிறது, அதற்கு விதைநேர்த்தியில் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையும் மண்ணில் வேப்பம் புண்ணாக்கும்தான் வழி. மஞ்சள் தேமலோ வைரஸ், வெள்ளை ஈ கொண்டுவருவது. இலை மஞ்சளாகத் திட்டுத்திட்டாக இருப்பதைப் பார்த்துவிட்டு "பூஞ்சைக்கு" அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்க்கிற விஷயங்கள் இவை. நோய் வருவதற்கு முன்னால் அடிக்க வேண்டியதா, வந்த பிறகும் தாங்குமா. ஏக்கருக்கு எவ்வளவு சரக்கு வேண்டும், அதைத் தயாரிக்க எத்தனை ஆள், எத்தனை மணி நேரம். இலையில் எத்தனை நாள் நிற்கும். ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் ஒரே வீரியம் வருமா. இலை கருகுமா. கடைசியாக, அடித்த பிறகு மனம் மாறினால் வேறு மருந்துக்குப் போக முடியுமா. இந்தக் கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை, ஆனால் 70 நாள் பயிரில் அதுதான் கழுத்தைப் பிடிக்கும்.

பணத்தைத் தனியாகச் சொல்லவில்லை, ஏனென்றால் இலைச்சாறுகளில் பணம் பாட்டிலில் இல்லை, கூலியில் இருக்கிறது. "செலவே இல்லாத இயற்கை மருந்து" என்று எழுதுகிறவர்கள் வீட்டுப் பெண்கள் ராத்திரி உட்கார்ந்து இடித்த வேலைக்குக் கூலி போடாமல் எழுதுகிறார்கள்.

கணக்குக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம், 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டு பதின்மூன்று டேங்க் வரும்.

| | வேப்பங்கொட்டைச் சாறு 5% | வேப்பெண்ணெய் 3% | தைல இலைச் சாறு 10% | பூண்டுச் சாறு 5% | நனையும் கந்தகம் |
|---|---|---|---|---|---|
| ஏக்கருக்குச் சரக்கு | 10 கிலோ பருப்பு | 6 லிட்டர் எண்ணெய், சோப்பு | 20 கிலோ இலை | 10 கிலோ பூண்டு | 600 கிராம் |
| தயாரிப்பு | முந்தின இரவே ஊறல், இரண்டு ஆள் | அரை மணி நேரம் | அரை நாள், அரைக்க வசதி வேண்டும் | உரிக்கவே ஒரு நாள் | பத்து நிமிடம் |
| எப்போது | முதல் வெள்ளை தெரிந்ததும் | முதல் வெள்ளை தெரிந்ததும், கொஞ்சம் தாமதமானாலும் | வருமுன் அல்லது வந்த அன்றே | வருமுன் | பரவிய பிறகும் கொஞ்சம் பிடிக்கும் |
| வீரியம் ஒரே மாதிரி வருமா | கொட்டையைப் பொறுத்தது | எண்ணெய் சுத்தமாக இருந்தால் வரும் | வராது | வராது | வரும் |
| இலை கருகும் பயம் | குறைவு | உண்டு | குறைவு | குறைவு | கடும் வெயிலில் உண்டு |
| கூடுதல் பலன் | வெள்ளை ஈ, புழு | வெள்ளை ஈ | சொல்லும்படி இல்லை | சாறு உறிஞ்சும் பூச்சி கொஞ்சம் | சிலந்திப்பேன் |

## வேப்பங்கொட்டைச் சாறு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உளுந்துச் சாம்பல் நோய்க்குச் சொல்கிற செடிவழி மருந்துகளில் இது ஒன்று: 5% சாறு, நோய் தெரிந்ததும் ஒருமுறை, பத்து நாள் கழித்து இன்னொரு முறை. 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு. கவனியுங்கள், பருப்பு, கொட்டை அல்ல. ஓட்டோடு எடை போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடுத்துக்கொள்ள வேண்டும். "அஞ்சு கிலோ போட்டேன், ஒண்ணும் கேக்கல" என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் ஓட்டோடு ஐந்து கிலோ போட்டவர்கள்.

பருப்பை நைசாக மாவாக்கக் கூடாது, ஒன்றிரண்டாக இடித்தால் போதும். காடாத் துணியில் கட்டிப் பத்து லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் மூட்டையைத் தண்ணீருக்குள்ளேயே திரும்பத் திரும்பப் பிழிய வேண்டும். முதலில் பழுப்பாக வரும், அப்புறம் மோர் நிறம், அப்புறம் கறந்த பால் மாதிரி வெள்ளை. அந்த வெள்ளை வந்தால்தான் எண்ணெய் தண்ணீரோடு கலந்து இறங்குகிறது என்று அர்த்தம். வெறும் பழுப்புத் தண்ணீரோடு நிறுத்திவிட்டால் கசப்பு கொஞ்சம் கிடைக்கும், பூஞ்சையைப் பிடிக்கிற சமாச்சாரம் பாதி மூட்டையிலேயே தங்கிவிடும். பிழிந்ததை இரட்டைத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்து ஊற்றி, அன்றைக்கே அடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் புளித்த நாற்றம் அடிக்கும், அதை அடிப்பதற்குச் சும்மா இருக்கலாம்.

கொட்டையின் வயது முக்கியம். மூன்று மாதத்துக்குக் குறைந்ததும் வேண்டாம், எட்டு மாதத்தைத் தாண்டியதும் வேண்டாம். ஆனி ஆடியில் பழம் கொட்டுகிறது, நமக்கு மாசியில் வேண்டும். கணக்குப் போட்டால் ஏழு மாதம், கச்சிதமாக உள்ளே விழுகிறது. ஆனால் அந்த ஏழு மாதத்தில் ஒரு வடகிழக்குப் பருவமழை முழுசாக இருக்கிறதே! நிழலில் நன்றாகக் காயவைத்துச் சாக்கில் காற்றோட்டமாக வைத்திருந்தால் தப்பும். உரச் சாக்கில் அமுக்கிக் கட்டிப் போட்டிருந்தால் ஐப்பசியிலேயே கறுப்பும் பச்சையுமாகப் பூசணம் பிடித்திருக்கும். பூஞ்சைக்கு மருந்து செய்யப் போகிறோம், மூலப்பொருளே பூஞ்சையாக இருந்தால் எப்படி? பருப்பை உடைத்துப் பாருங்கள், உள்ளே பச்சை கலந்த வெளிர்நிறமாக இருந்தால் நல்லது, கறுத்திருந்தால் குப்பைக்கு.

மறைவான செலவு இரண்டு. ஒன்று, உடைக்க, புடைக்க, இடிக்க ஆள்; ஏக்கருக்குப் பத்து கிலோ பருப்பு எடுப்பது ஒரு முழு நாள் வேலை, இரண்டு முறை அடித்தால் இரண்டு நாள். இன்னொன்று நாசில் அடைப்பு. ஒற்றைத் துணியில் வடிகட்டினால் மூன்றாவது டேங்கில் நின்றுவிடும், அடிக்கிற ஆள் நாசிலைக் கழற்றி வாயால் ஊதுவார் (தயவுசெய்து அதைச் செய்யவிடாதீர்கள், முந்தின மாதம் அதே ஸ்ப்ரேயரில் என்ன அடித்தார்கள் என்று யாருக்குத் தெரியும்), டேங்குக்கு இவ்வளவு என்று பேசிய கூலியில் முணுமுணுப்பு ஆரம்பிக்கும்.

யாருக்குச் சரி: வரப்பிலோ கொல்லையிலோ வேப்பமரம் உண்டு, ஆடியிலேயே பொறுக்கிச் சேர்த்திருக்கிறீர்கள், நிலம் இரண்டு மூன்று மா, அதாவது ஒரு ஏக்கருக்குள். அப்படியென்றால் யோசிக்காமல் இதுதான். கொட்டையை மாசியில் காசு கொடுத்து வாங்கித்தான் அடிக்க வேண்டும் என்றால் இதன் அருமை போய்விடுகிறது. வாங்கிய கொட்டை எந்த வருடத்தது என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது.

## வேப்பெண்ணெய்

இதுவும் பல்கலைக்கழகப் பரிந்துரையில் உள்ளதுதான்: 3%, ஏக்கருக்கு 6 லிட்டர். வேப்ப வகைகளில் பூஞ்சைக்கு நான் நம்புவது இதைத்தான்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். வேம்பு காப்புரிமை வழக்கு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பலர் அதைப் பூச்சிமருந்து வழக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் அமெரிக்க வேளாண் துறைக்கும் டபிள்யூ.ஆர்.கிரேஸ் நிறுவனத்துக்கும் கொடுத்த அந்தக் காப்புரிமை, வேப்பெண்ணெயை வைத்துச் செடிகளில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கானது! சூழலியலாளர் வந்தனா சிவா உள்ளிட்டோர் எதிர்த்து வழக்காடி, 2000இல் அது ரத்தாகி, மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடி ஆனது. நம் ஊரில் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதில் புதிதாகக் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது என்பதுதான் வாதம். ஆக, எண்ணெய்க்குப் பூஞ்சையைப் பிடிக்கும் குணம் உண்டு என்பதில் இரண்டு தரப்புக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

இதிலிருந்து கடையில் உதவுகிற ஒரு விஷயம் கிடைக்கிறது. பாட்டிலில் 300 பிபிஎம், 1500 பிபிஎம், 10,000 பிபிஎம் என்று போட்டிருப்பது வேம்பில் உள்ள அசாடிராக்டின் என்ற பொருளின் அளவு, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று. அது பூச்சிக்கு, புழு தின்னாமல் வளராமல் செய்வதற்கு. சாம்பல் நோயைப் பிடிப்பதில் பெரும்பங்கு எண்ணெய்க்கு, அது இலைமேல் படலமாகப் படர்ந்து வித்துகளை முளைக்கவிடாமல் செய்கிறது. 10,000 பிபிஎம் பாட்டிலை லிட்டருக்கு ஒன்று இரண்டு மில்லி என்று அடிக்கிறோம். 3% என்பது லிட்டருக்கு 30 மில்லி. எண்ணெய் அளவில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். "விலை கூடின பாட்டில் அடிச்சேன், சாம்பல் நிக்கல" என்றால் பாட்டில் மேல் குற்றமில்லை, வேறு வேலைக்கானதை வாங்கியிருக்கிறீர்கள்.

சரி, தொந்தரவுகளுக்கு வருவோம். எண்ணெயும் தண்ணீரும் சேராது. நான் முதல்முறை அடித்தபோது 200 லிட்டர் டிரம்மில் ஆறு லிட்டர் எண்ணெயை ஊற்றி, பேருக்கு ஒரு சோப்பைச் சீவிப் போட்டுக் கம்பால் கலக்கிவிட்டு, மேலாக வாளியில் மொண்டு மொண்டு டேங்கில் ஊற்றினோம். எண்ணெய் மேலே மிதந்துகொண்டிருந்ததால் முதல் மூன்று டேங்கிலேயே முக்கால்வாசி போய்விட்டது. வாய்க்கால் ஓரம் இருந்த செடியெல்லாம் நாலாம் நாள் இலை விளிம்பு கருகிச் சுருண்டது, மேட்டுப் பக்கம் வெறும் சோப்புத் தண்ணீர், அங்கே சாம்பல் ஜோராகப் பரவியது. ஒரே வயலில் இரண்டு நஷ்டம்.

செய்ய வேண்டியது தலைகீழாக. முதலில் சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, அதில் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு, மோர் கடைகிற மாதிரி அடித்துக்கொண்டே இருந்தால் பால் போலத் திரண்டு வரும். அப்புறம்தான் தண்ணீர். ஒரு சொம்பில் எடுத்துக் கால்மணி நேரம் வைத்துப் பாருங்கள், மேலே எண்ணெய் வளையம் கட்டினால் சோப்பு போதவில்லை. வேதாரண்யம், நாகை ஓரத்து உப்பு போர் தண்ணீரில் சோப்பு திரிந்துவிடும், எவ்வளவு போட்டாலும் நுரைக்காது. அங்கே பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்த கரைசல் சோப்பைவிட நன்றாக நிற்கும், இல்லாவிட்டால் நல்ல தண்ணீர் கொண்டுவர வேண்டியதுதான்.

மாலை மூன்றரைக்கு மேல் அடியுங்கள், பனி இறங்குவதற்கு முன் காயும் அளவுக்கு நேரம் விட்டு. காலை பத்து மணிக்கு எண்ணெய் அடித்துவிட்டு உச்சி வெயிலில் காயவிட்டால் இலை பொசுங்கும். முதல் முறை அடிப்பவர்கள் பத்துச் செடியில் மட்டும் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுவது நல்லது.

காசு: லிட்டர் 200 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு முறைக்கு 1,200, இரண்டு முறைக்கு 2,400, ஆள் கூலி தனி. அதைவிட மலிவாக ஒருவர் தந்தால் அதில் வேறு எண்ணெய் எவ்வளவு கலந்திருக்கிறது என்று யோசியுங்கள். பூ எடுக்கும்போது 2% டிஏபி உரக் கரைசல் வேறு அடிப்போம் இல்லையா, அதையும் எண்ணெயையும் ஒரே டேங்கில் போட்டு ஒரு கூலியை மிச்சம் பிடிக்க ஆசை வரும். வேண்டாம், தனித்தனியாக அடியுங்கள். அந்த இரண்டாவது கூலியும் எண்ணெயின் விலையில் சேர்த்தி.

எல்லாவற்றையும்விடப் பெரிய மறைவான விலை இது: எண்ணெய் அடித்த வயலில் இரண்டு வாரத்துக்குக் கந்தகம் அடிக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். கந்தகம் அடித்துவிட்டு எண்ணெய்க்கு வந்தாலும் அதே கதைதான். எண்ணெய் கேட்கவில்லை என்று நான்காம் நாள் பதறிக் கந்தகத்தைத் தூக்கினால் நோயைவிட மருந்து அதிகம் கெடுக்கும். இரண்டு வாரம் காத்திருந்தால் காய் பிடித்து முடிந்திருக்கும். அதனால் எண்ணெயைத் தொடும் முன்பே, இதோடு நின்றுகொள்ளப் போகிறோமா என்று முடிவு செய்துவிட வேண்டும்.

யாருக்குச் சரி: ஒரு ஏக்கருக்கு மேல் உண்டு, ஆள் கிடைக்கவில்லை, வெள்ளை ஈயும் சேர்ந்து தெரிகிறது, எண்ணெய் ஆட்டுகிற இடம் பக்கத்தில் தெரிந்த இடமாக இருக்கிறது. அப்புறம், வயலை வாரம் இரண்டு முறையாவது சுற்றி வருகிறவர்களுக்கு.

## தைல இலைச் சாறு

யூகலிப்டஸ் என்றால் நம் ஊரில் சண்டை வரும், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் தைலமரம் நிலத்தடி நீரைக் குடித்துவிட்டது என்ற கோபம் உண்டு. அதன் இலையை வைத்தே உளுந்துச் சாம்பல் நோய்க்கு 10% சாறு அடிக்கலாம் என்பதும் பல்கலைக்கழகப் பரிந்துரையில் இருக்கிறது, நோய் தொடக்கத்தில் ஒன்று, பத்து நாளில் இன்னொன்று.

ஏக்கருக்கு 20 கிலோ இலை. இலைக்குப் பஞ்சமில்லை, அரைப்பதற்குத்தான். தடித்த தோல் இலை, மிக்ஸி சூடாகி நின்றுவிடும், உரலில் இடித்தால் கை போகும். சமனளவு தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்து வடிகட்டி 200 லிட்டராக்க வேண்டும். வாசனை தூக்கும், அந்த வாசனைதான் மருந்தும். சீக்கிரம் ஆவியாகிற எண்ணெய் என்பதால் இலையில் நெடுநாள் நிற்காது. அரைத்த அன்றைக்கே, மாலையில். இளம் இலைக்கும் முற்றிய இலைக்கும், மரத்துக்கு மரமும் சாரம் மாறும் என்பதால் போன வருடம் கேட்டது இந்த வருடம் கேட்காமல் போவது சகஜம்.

தைலமரம் நடந்து போகிற தூரத்தில் இருந்து, அரைக்கிற வசதியும் இருந்து, வேப்பங்கொட்டை சேர்க்க மறந்துபோனவர்களுக்கு இது நல்ல மாற்று. டெல்டாவின் நடுவில் இருந்துகொண்டு இலைக்காக வண்டி பிடித்துப் போவதில் அர்த்தமில்லை.

## பூண்டு

இதைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், நான் குறைவாகச் சொல்லப் போகிறேன். பூண்டின் காரம், மணம், கிருமி கொல்லும் குணம் எல்லாம் அல்லிசின் என்ற பொருளால். 1944இலேயே அதைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். முழுப் பூண்டில் அது கிடையாது. பல்லை நசுக்கும்போது ஒரு நொதி வேலை செய்து அப்போதுதான் உண்டாகிறது, உண்டான பிறகும் சீக்கிரம் சிதைந்துவிடும். அப்படியிருக்க, "பூண்டையும் மிளகாயையும் போட்டு நன்றாகக் கொதிக்கவிடவும்" என்று எழுதியிருக்கிற செய்முறையைப் பாருங்கள். கொதிக்கவிட்டால் அந்த நொதியே செத்துவிடும். ரசம் நன்றாக இருக்கும், பூஞ்சைக்கு ஒன்றும் ஆகாது. பச்சையாக நசுக்கி, பத்து நிமிடம் விட்டு, தண்ணீரில் கலந்து, வடிகட்டி உடனே அடிப்பதுதான் முறை.

ஏக்கருக்கு 5% என்றால் பத்து கிலோ பூண்டு. 2024 தொடக்கத்தில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது இதைச் சொல்லியிருந்தால் அடித்திருப்பீர்கள், என்னை. வீட்டுத் தோட்டத்தில் நாலு புடலங்கொடி, ஒரு பாத்தி வெண்டை, பத்துத் தொட்டி என்றால் ஒரு கைப்பிடி பூண்டு போதும், சந்தோஷமாகச் செய்யுங்கள். ஏக்கர் கணக்கில் உளுந்துக்கு இது வேண்டாம்.

## கந்தகத்துக்கு எப்போது போவது

ஏக்கருக்கு 600 கிராம், லிட்டருக்கு 3 கிராம் கணக்கு. தாதுப்பொருள் என்பதால் இயற்கை வேளாண்மைச் சான்றிதழிலும் கட்டுப்பாட்டோடு அனுமதி உண்டு, ஆனால் அடிக்கும் முன் உங்கள் சான்றளிப்பவரிடம் கேட்டுவிடுங்கள். பூஞ்சையின் உடம்பில் பல இடங்களில் தாக்குவதால் எதிர்ப்புச் சக்தி எளிதில் வராது. கார்பென்டசிம் மாதிரியான ரசாயனப் பூஞ்சைக்கொல்லிகள் ஒரே இடத்தில் தாக்குகிறவை, திரும்பத் திரும்ப அடித்தால் சாம்பல் நோய்ப் பூஞ்சைகள் பழகிவிடும். குறையென்றால் வெயில். 35 டிகிரியைத் தொடுகிற நாளில் அடித்தால் இலை கருகும், பங்குனி நெருங்கிவிட்டால் ஜாக்கிரதை.

எப்போது செடிச்சாற்றை விட்டுவிட்டு இதற்கு வர வேண்டும் என்பதற்கு என் அளவுகோல்: வயலில் பத்து இடத்தில் நின்று பாருங்கள். அடி இலையில் அங்கங்கே காசு அளவில் வெள்ளை என்றால் சாறு போதும். நடு இலைக்கு ஏறி, தண்டிலும் பிஞ்சுக் காயிலும் மாவு தெரிந்துவிட்டால் சாறுக்கு வேலையில்லை. அப்போதும் "நான் இயற்கைதான்" என்று வேப்பங்கொட்டையை ஊறப்போட்டுக்கொண்டிருந்தால் இலை உதிர்ந்து, காய் சிறுத்து, பொக்காகப் போகும்.

## மற்ற பயிர்க்காரர்களுக்கு இரண்டு வார்த்தை

நெல்லில் இலையுறை அழுகலுக்கு இதே வேப்பங்கொட்டைச் சாறு 5% அல்லது எண்ணெய் 3%, கண்ணாடி இலை (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) வெளிவரும் பருவத்தில் முதல் முறை, பதினைந்து நாளில் இரண்டாவது. அங்கே சீமைக்கருவேல இலைத்தூள் சாறும் பரிந்துரையில் உண்டு, ஹெக்டேருக்கு 25 கிலோ தூள். ஊரையே பிடித்திருக்கிற மரத்துக்கு அப்படியாவது ஒரு வேலை. நிலக்கடலை இலைப்புள்ளிக்கு எருக்கு இலைச் சாறு அடிக்கிறவர்கள் கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், எருக்கம் பால் கண்ணில் பட்டால் கருவிழியே பாதிக்கும், கண்ணாடி போடாமல் இடிக்காதீர்கள். வசம்பு அடிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வசம்பில் உள்ள பீட்டா அசரோன் எலிச் சோதனைகளில் புற்றுநோய் உண்டாக்கியிருக்கிறது. விதைக்குத் தடவுவதோடு நிறுத்திக்கொள்வேன், காயில் அடிக்க மாட்டேன்.

"ஆர்கானிக் பூஞ்சைக்கொல்லி" என்று பதிவு எண்ணே இல்லாமல் விற்கிற பாட்டில்களைப் பற்றியும் கேட்கிறார்கள். சொந்த வயலுக்குச் சொந்தமாக இடித்து அடிப்பது வேறு, விற்பனைக்கு வருகிற பூஞ்சைக்கொல்லிக்கு 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். உள்ளே என்ன, எத்தனை சதவீதம் என்று லேபிளில் இல்லாததை நான் வாங்குவதில்லை.

## நான் இந்த வருடம் செய்யப் போவது

எனக்கு இரண்டு துண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மா, வாய்க்காலுக்கு அப்பால் ஒன்றரை ஏக்கர். மெஷின் அறுவடை வந்த பிறகு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போதே நெல்லுக்குள் உளுந்து விதை தெளித்துவிட்டு நெல்லை அறுப்பது பெரும்பாடாகிவிட்டது, சக்கரம் ஓடின இடமெல்லாம் முளை நசுங்குகிறது, அதனால் அப்பால் துண்டில் பயிர் எப்போதும் ஒரு வாரம் பின்தங்கியே வரும், நோய் வருகிறபோது அங்கே செடி இளசு.

பக்கத்துத் துண்டுக்கு வேப்பங்கொட்டைச் சாறு. ஆடியில் பொறுக்கிய கொட்டை இரண்டு சாக்கு பரண்மேல் இருக்கிறது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கி உடைத்துப் பார்த்தேன், பருப்பு பச்சையாகத்தான் இருக்கிறது. அப்பால் துண்டுக்கு எண்ணெய் வாங்கலாம் என்றிருந்தேன், ஆனால் அங்கே வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் போக முடிவதில்லை. முதல் வெள்ளையைப் பிடிக்கத் தவறினால் எண்ணெயும் வீண், இரண்டு வாரத்துக்குக் கந்தகமும் கிடையாது. அதனால் அங்கே எண்ணெய் இல்லை, நேராகக் கந்தகம், அதுவும் பங்குனி வெயிலுக்கு முன்னால். பக்கத்துத் துண்டில் இரண்டாவது முறை சாறு அடித்து ஐந்து நாள் கழித்தும் நடு இலையில் புது வெள்ளை தெரிந்தால் என்ன செய்வது என்று வீட்டில் கேட்டார்கள். அந்த நேரம் 50 நாள் பயிராகியிருக்கும், காய் பாதி முற்றியிருக்கும், அதற்கு மேல் ஒரு கூலி கொடுத்து எதையும் அடிப்பதாக இல்லை.